தெரியட்டுமா, மறையட்டுமா? இடுப்பில் துப்பாக்கியோடு கடைக்குப் போகும் அமெரிக்கர்களின் தினசரிக் கேள்வி

டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் என்னென்ன ஒட்டியிருக்கும்? கடை திறந்திருக்கும் நேரம், எந்தெந்த கார்டு செல்லும், நாயைக் கூட்டி வரலாமா கூடாதா... இவற்றுக்குப் பக்கத்திலேயே 30.06, 30.07 என்ற எண்களோடு இரண்டு பெரிய அறிவிப்புகளும் இருக்கலாம். முதலாவது, 'துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு உள்ளே வராதீர்கள்' என்கிறது. இரண்டாவது, 'வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வராதீர்கள்' என்கிறது. இரண்டையும் ஒட்டிய கடைகள் உண்டு. இரண்டாவதை மட்டும் ஒட்டிய கடைகளும் உண்டு. 'வைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற வாடிக்கையாளர்கள் கண்ணில் படாமல் இருந்தால் சரி' என்று அதற்கு அர்த்தம்.

இந்த அறிவிப்பை ஏதோ ஒரு பேப்பரில் எழுதி ஒட்டிவிட முடியாது. ஆங்கிலம், ஸ்பானிஷ் என இரண்டு மொழிகளில், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துகளில், பின்னணியிலிருந்து பளிச்செனத் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையிலிருந்து வரும் பார்களுக்கு, சிவப்பு எழுத்தில் '51%' என்று தனிப் பலகை. அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை.

வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வதை 'ஓப்பன் கேரி' என்கிறார்கள். சட்டைக்குள்ளோ கோட்டுக்குள்ளோ கைப்பைக்குள்ளோ மறைத்து எடுத்துச் செல்வது 'கன்சீல்ட் கேரி'. கைத்துப்பாக்கி வாங்கிய ஓர் அமெரிக்கர், அதோடு வீட்டைவிட்டு வெளியே கால் வைக்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். கேட்கும்போது சட்டைக்குக் கலர் தேர்ந்தெடுப்பதுபோலத் தோன்றும். ஆனால், இந்த ஒரு முடிவை வைத்துத்தான் போலீஸ் அவரை எப்படிப் பார்க்கும், திருடன் எப்படிப் பார்ப்பான், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பார் என்பதெல்லாம் அமைகிறது. சில சமயங்களில் அவர் உயிரோடு வீடு திரும்புவாரா என்பதும்கூட!

மறைப்பவன் கோழை என்ற காலம்

இன்றைய அமெரிக்காவில் சட்டைக்குள் துப்பாக்கி வைத்திருப்பவர் நாகரிகமானவர், இடுப்பில் தொங்கவிட்டு வருபவர் வம்புக்காரர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் இது அப்படியே தலைகீழ். நேர்மையான ஆள் ஆயுதத்தை வெளிப்படையாக வைத்திருப்பான். மறைத்து வைப்பவன் பதுங்கிக் கொல்ல நினைப்பவன் என்று நம்பினார்கள். 1813-லேயே கென்டக்கியும் லூசியானாவும் மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்துவிட்டன. 1850-ல் லூசியானா உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வெளிப்படையாக ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை, மறைத்து வைப்பது அப்படியல்ல என்பது அதன் தீர்ப்பு.

கௌபாய் படங்களில் பார்ப்பதுபோல எல்லோரும் எந்நேரமும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்தார்களா என்றால், அதுவும் இல்லை. கான்சாஸின் டாட்ஜ் சிட்டியில், ஊருக்குள் துப்பாக்கி எடுத்துவரத் தடை என்று எழுதிய பலகையின் பழைய புகைப்படம் இன்றும் இருக்கிறது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரிலும் 1881-ல் அப்படி ஒரு விதி இருந்தது. ஊருக்குள் வந்தால் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 26-ம் தேதி நடந்த, பல சினிமாக்களில் வந்துவிட்ட 'ஓ.கே.கொரால்' சண்டைக்கு உடனடிக் காரணமே, விதியை மீறித் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடமிருந்து அதைப் பறிக்கப் போனதுதான். சினிமா இந்த விவரத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை.

20-ம் நூற்றாண்டிலும் சட்டங்கள் இறுகிக்கொண்டுதான் வந்தன. நியூயார்க்கில் 1913 முதல், மறைத்து வைக்க வேண்டுமானால் 'தகுந்த காரணம்' காட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. ஓக்லாந்தில் கறுப்பின மக்களைப் போலீஸார் நடத்தும் விதத்தைக் கண்காணிக்க, 'பிளாக் பாந்தர்' இயக்கத்தினர் துப்பாக்கிகளை வெளிப்படையாக ஏந்தி ரோந்து வந்தார்கள். அதைத் தடுக்க ஒரு சட்ட மசோதா வந்தது. அதை எதிர்த்து 1967 மே 2-ம் தேதி அவர்கள் சாக்ரமென்டோ நகரில் உள்ள சட்டமன்றத்துக்குள் துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். நாடே அதிர்ந்தது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தடை விதிக்கும் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர், பின்னாளில் ஜனாதிபதியாகி, துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளையான ரொனால்ட் ரீகன்! துப்பாக்கி யார் கையில் தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அமெரிக்காவின் பதற்றம் கூடும், குறையும். அந்தக் கணக்கு இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

ஒரு மதிய உணவும் ஒரு கைப்பையும்

சட்டம் மறுபக்கம் திரும்பியதற்கு டெக்சாஸில் ஒரு பெண்ணின் கதையைச் சொல்வார்கள். 1991 அக்டோபர் 16. கில்லீன் நகரில் உள்ள ஒரு உணவகத்தில் சுசானா ஹப் தன் அப்பா, அம்மாவோடு மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் தன் பிக்கப் வண்டியைக் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விட்டான். இறங்கிச் சுட ஆரம்பித்தான். ஹப் தன் கைப்பையை எடுத்தார். அப்போதுதான் நினைவு வந்தது, துப்பாக்கி காரில் இருக்கிறது. மறைத்து எடுத்துச் செல்வது அன்றைய டெக்சாஸில் குற்றம். தொழில் உரிமம் போய்விடுமோ என்ற பயத்தில் அதைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

அப்பா கொலைகாரன் மீது பாய்ந்தார், சுடப்பட்டார். ஹப் ஜன்னல் வழியாகத் தப்பினார். அம்மா பின்னாலேயே வருகிறார் என்று நினைத்திருந்தார். அம்மாவோ, உயிர் போய்க்கொண்டிருந்த கணவரிடம் தவழ்ந்து போய் அவரை மடியில் ஏந்திக்கொண்டார். அங்கேயே அவரும் கொல்லப்பட்டார். அன்று மொத்தம் 23 பேர் பலியானார்கள்.

அதன்பின் ஹப் மாநிலம் மாநிலமாகப் போய் சாட்சி சொன்னார். 1993-ல் டெக்சாஸில் வந்த ஒரு மசோதாவை ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் நிராகரித்தார். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 1995-ல் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹப் 1996-ல் சட்டமன்ற உறுப்பினராகவே தேர்வானார். உரிமம் உள்ளவர்கள் இடுப்பில் தெரியும்படி எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் 2016 ஜனவரி 1-ல் வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள பெரும்பாலானோருக்கு உரிமமே வேண்டாம் என்றாகிவிட்டது. வெளியே தெரிந்தால் உறைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2024-க்குள் இப்படி உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. நியூயார்க்கின் அந்த 1913-ம் ஆண்டு 'தகுந்த காரணம்' விதியையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23-ல் 6-3 என்ற கணக்கில் ரத்து செய்தது. வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை என்பது இப்போது நாடு முழுமைக்கும் சட்டம்.

ஹப்பின் கதையைக் கேட்டபிறகு, 'சாதாரண ஆளுக்கு எதற்குத் துப்பாக்கி' என்று சுலபமாகக் கேட்டுவிட முடியாது. துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களும் முதலில் பதில் சொல்ல வேண்டியிருப்பது அந்தக் கைப்பைக்குத்தான்.

'உன் துப்பாக்கி நன்றாக இருக்கிறதே!'

வெளியே தெரியும்படி மாட்டுபவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று நான்கு உண்டு. பார்த்ததுமே திருடன் விலகிப்போவான் என்பது முதல் காரணம். அவசரத்தில் சட்டையைத் தூக்கித் துழாவ வேண்டியதில்லை, சட்டென எடுக்கலாம் என்பது அடுத்தது. டெக்சாஸின் கோடையில் கோட்டு போட்டு மறைக்க முடியாது என்பது நியாயமான மூன்றாவது காரணம். நான்காவதை எல்லோரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உரிமையை ஊரறியக் காட்ட வேண்டும், பார்த்துப் பார்த்து மக்களுக்குப் பழகிவிட வேண்டும் என்பது அது.

திருடன் விலகிப்போவானா? 2014 அக்டோபரில் ஓரிகான் மாநிலத்தின் கிரஷாம் நகரில் 21 வயது இளைஞர் ஒருவர், அன்றுதான் வாங்கிய புதுத் துப்பாக்கியை இடுப்பில் வெளிப்படையாக மாட்டிக்கொண்டு அதிகாலை 2 மணியளவில் தெருவில் நின்று உறவினரோடு பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவன் வந்தான். பேச்சுக் கொடுத்தான். பிறகு தன் இடுப்பிலிருந்து ஒரு துப்பாக்கியை உருவி நீட்டி, உன் துப்பாக்கி எனக்குப் பிடித்திருக்கிறது, கொடுத்துவிடு என்றான். கொடுத்துவிட்டார். மறைத்து வைத்திருந்தவன், தெரியும்படி வைத்திருந்தவரிடம் பறித்துக்கொண்டு போன கதை இது.

சீருடைப் போலீஸாரும் வெளியே தெரியும்படிதானே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்களின் உறையைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். பொத்தானை அழுத்தி, மூடியைத் தள்ளி, குறிப்பிட்ட கோணத்தில் இழுத்தால்தான் துப்பாக்கி வெளியே வரும். பின்னாலிருந்து ஒருவன் பறிக்க முடியாதபடி இரண்டு மூன்று பூட்டுகள். அதோடு, பறிக்க வருபவனை முழங்கையால் தடுக்கும் பயிற்சியும் அவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. கடைக்குப் பால் வாங்க வருபவரின் உறையில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. ஒரு கையில் பால் கேன், மறு கையில் குழந்தை. பின்பக்கம் கண் இல்லை.

போலீஸின் பார்வையில்

2016 ஜூலை 7-ம் தேதி டல்லாஸ் நகரில் ஓர் ஊர்வலம். திடீரெனத் துப்பாக்கிச் சூடு. ஐந்து போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்வலத்தில் வந்திருந்தவர்களில் இருபது, முப்பது பேர் நீளத் துப்பாக்கிகளை வெளிப்படையாகத் தோளில் மாட்டியிருந்தார்கள். அது சட்டப்படி சரிதான். சூடு தொடங்கியதும் அவர்கள் ஓட, யார் கொலைகாரன், யார் உரிமையைக் காட்ட வந்தவர் என்று போலீஸுக்குப் புரியவில்லை. ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று டல்லாஸ் போலீஸே ட்விட்டரில் போட்டுவிட்டது. அவர் ஒரு குற்றமும் செய்யாதவர். விஷயம் தெரிந்ததும் துப்பாக்கியை அங்கிருந்த போலீஸ்காரரிடமே ஒப்படைத்துவிட்டார். உயிர் பிழைத்தார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஓப்பன் கேரி சட்டப்படி செல்லும் மாநிலம் ஓஹையோ. அங்கே 2014 ஆகஸ்டில், ஒரு பெரிய கடைக்குள், விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக் கையில் வைத்தபடி செல்போனில் பேசிக்கொண்டிருந்த 22 வயது கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. யாரோ ஒருவர் 911-க்குப் போன் செய்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் அதே மாநிலத்தின் கிளீவ்லாந்தில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய 12 வயதுக் கறுப்பினச் சிறுவனுக்கும் அதே கதி. உண்மையான துப்பாக்கியையே வெளிப்படையாக எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் சொல்லும் ஊரில் இது நடந்தது.

அப்படியானால் மறைத்து வைத்து, உரிமம் வாங்கி, போலீஸிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டால் பிரச்னை இல்லையா? டல்லாஸ் சம்பவத்துக்கு முந்தைய நாள், 2016 ஜூலை 6. மினசோட்டாவில் ஒரு கறுப்பினத்தவரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. 32 வயது, பள்ளி ஒன்றின் உணவகத்தில் மேற்பார்வையாளர். பக்கத்தில் காதலி, பின்சீட்டில் அவரின் 4 வயது மகள். துப்பாக்கி உரிமம் வாங்கியிருந்த அவர், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று போலீஸ்காரரிடம் அமைதியாகத் தெரிவித்தார். அடுத்த சில விநாடிகளில் ஏழு குண்டுகள் சுடப்பட்டன. அவர் இறந்துபோனார். சுட்டவரை 2017-ல் நீதிமன்றம் விடுவித்தது.

மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில், மறைத்து வைத்திருப்பவர் போலீஸைச் சந்தித்த உடனே தானாகவே சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். கேட்டால் சொன்னால் போதும் என்பவை வேறு மாநிலங்கள். உரிமம் வாங்குவோருக்கான வகுப்புகளில் இதற்கென்றே ஒத்திகை நடக்கும். காரை ஓரமாக நிறுத்தி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்து, அசையாமல் பேச வேண்டும். நல்ல அறிவுரைதான். ஆனால் அதே ஒத்திகை எல்லா நிறத்தவருக்கும் ஒரே மாதிரிப் பலன் தருவதில்லை என்பது அந்த 4 வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

அரைக் கிலோவை மறைப்பது எப்படி?

மறைப்பது என்று முடிவெடுத்தவருக்கு வேறு விதமான தலைவலிகள். இன்று இதற்கென்றே விற்கும் சிறிய துப்பாக்கிகள் தோட்டா இல்லாமல் அரைக் கிலோ எடை இருக்கும். பேன்ட்டுக்கு உள்பக்கம், இடுப்போடு ஒட்டியபடி உறை. அதற்காகவே ஓர் அளவு பெரிய பேன்ட் வாங்குவார்கள், தொங்கிப்போகாத தடித்த பெல்ட் வாங்குவார்கள். கீழ் அலமாரியிலிருந்து மாவுப் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தால் சட்டை இறுகி, துப்பாக்கியின் வடிவம் அப்படியே தெரியும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிரிண்டிங்'. மேலே இருப்பதை எட்டி எடுத்தால் சட்டை தூக்கிக்கொள்ளும். உட்கார்ந்தால் குத்தும். கழிப்பறைக்குப் போனால் எங்கே வைப்பது? 2015-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தைக் காவல் காக்கும் போலீஸாரே கழிப்பறையில் துப்பாக்கியை மறந்துவிட்டுப் போன சம்பவங்கள் வெளிவந்தன. அதில் ஒன்றைக் கண்டெடுத்தது ஒரு குழந்தை. தொழில்முறைக் காவலர்களுக்கே இந்தக் கதி.

மறைப்பது பழகிவிட்டால் மறப்பதும் பழகிவிடுகிறது. 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் சுமார் 93 சதவிகிதத்தில் தோட்டா நிரப்பியிருந்தது. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், பையில் இருந்ததே ஞாபகம் இல்லை என்பது.

பெண்களின் உடையில் பெல்ட் இருப்பதில்லை, இடுப்பு உறை பொருந்துவதில்லை. அதனால் கைப்பையில் தனி அறை வைத்துத் தைத்த 'கேரி பர்ஸ்'கள் நிறைய விற்பனையாகின்றன. 2014 டிசம்பர் 30-ம் தேதி, ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டன் நகரில் 29 வயதுப் பெண் ஒருவர் தன் 2 வயது மகனையும் உறவுக்காரக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். தேசிய ஆய்வுக்கூடத்தில் அணு விஞ்ஞானி. மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் பெற்றவர். துப்பாக்கி, அதற்கென்றே செய்யப்பட்ட கைப்பையில், ஜிப் போட்ட தனி அறையில் இருந்தது. பை, ஷாப்பிங் தள்ளுவண்டியில் குழந்தைக்குப் பக்கத்தில். அவர் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நொடியில் குழந்தை ஜிப்பைத் திறந்து, உள்ளே கைவிட்டு, விசையை இழுத்துவிட்டது. அம்மா அங்கேயே இறந்தார். விதிமுறைப்படி எல்லாவற்றையும் செய்தவர் அவர். துப்பாக்கி உடம்பில் இல்லாமல் பையில் இருந்தது மட்டும்தான் வேறுபாடு. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கைப்பையில் வைக்காதீர்கள், உடம்போடு ஒட்டி வையுங்கள், விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறை போடுங்கள் என்று பயிற்சியாளர்கள் இன்னும் அழுத்திச் சொல்கிறார்கள்.

பாலத்தைத் தாண்டினால் குற்றவாளி

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்பதை எழுத்தில் படிப்பது வேறு, அனுபவிப்பது வேறு. 2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் 27 வயதுத் தாய் ஒருவர் பக்கத்து மாநிலமான நியூஜெர்சிக்குள் கார் ஓட்டிக்கொண்டு போனார். அவரிடம் பென்சில்வேனியா மாநில உரிமம் இருந்தது. போலீஸ் நிறுத்தியதும், பையில் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது என்று தானே சொன்னார். நியூஜெர்சியில் அந்த உரிமம் செல்லாது! கைது. குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை காத்திருந்தது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு வழக்கு வேறு வழிக்கு மாற்றப்பட்டு, 2015-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

கலிபோர்னியா, இல்லினாய்ஸ், நியூயார்க் போன்ற மாநிலங்களில் உரிமம் வாங்கி மறைத்து வைக்கலாம், தெரியும்படி வைப்பதற்குப் பெரும்பாலும் தடை. மிச்சிகனில் நேரெதிர் சிக்கல். இடுப்பில் தெரியும்படி இருந்தால் மறைப்பதற்கான உரிமம் தேவையில்லை. குளிருக்குக் கோட்டைப் போட்டு அது மூடிக்கொண்டால், அல்லது காரில் ஏறி உட்கார்ந்தால், உரிமம் இல்லாதவர் அந்த நிமிடமே குற்றவாளி. ஆளும் அவர்தான், துப்பாக்கியும் அதுதான், பட்டன் போட்டதுதான் குற்றம்.

புளோரிடாவில் 1987 முதல் மறைத்து வைக்க எளிதாக உரிமம், தெரியும்படி வைக்கத் தடை என்றிருந்தது. 2025 செப்டம்பர் 10-ல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 38 ஆண்டுகளாக இல்லாத கேள்வி ஒரே நாளில் அங்குள்ள கடைக்காரர்கள் தலையில் விழுந்தது.

கடைக்காரர்களின் பாடு தனி. 2010 முதலே ஓப்பன் கேரி ஆர்வலர்கள் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளில் துப்பாக்கியோடு கூடிச் சந்திப்பு நடத்தினார்கள். அந்தந்த மாநிலச் சட்டப்படி நடப்போம் என்று ஒதுங்கியிருந்த நிறுவனம், 2013 செப்டம்பரில் பொறுமையிழந்தது. தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் வெளிப்படையாகக் கடிதம் எழுதி, துப்பாக்கியோடு வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தடை என்று சொல்லவில்லை, வேண்டுகோள் என்றார். துப்பாக்கி வைத்திருப்பவரைக் காபி ஊற்றும் இளைஞர் எப்படி வெளியேற்றுவார் என்பதை யோசித்த எச்சரிக்கை அது. 2014-ல் டார்கெட் அதே வழியில் போனது. எல் பாசோ நகரில் தன் கடையிலேயே நடந்த படுகொலைக்குப் பிறகு, 2019 செப்டம்பரில் வால்மார்ட்டும் தெரியும்படி கொண்டு வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. மறைத்துக் கொண்டுவருவதைப் பற்றிய தன் விதியை அது மாற்றவில்லை.

கடை வேண்டாம் என்றதும் பலர் துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்காகவே கார் கண்ணாடியை உடைக்கும் திருடர்கள் பெருகிவிட்டார்கள். டென்னசியின் நாஷ்வில் நகரில் 2022-ல் மட்டும் கார்களிலிருந்து திருடப்பட்ட துப்பாக்கிகள் ஆயிரத்துக்கு மேல். அந்த நகரப் போலீஸ், இந்தக் கணக்கை வாராவாரம் வெளியிட்டு, காரில் வைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறது.

காப்பாற்றுமா?

2022 ஜூலை 17-ம் தேதி, இண்டியானா மாநிலத்தின் கிரீன்வுட் நகர மால். உணவகப் பகுதியில் ஒருவன் சுட ஆரம்பித்தான், மூன்று பேர் இறந்தார்கள். காதலியோடு வந்திருந்த 22 வயது இளைஞர் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து, 15 விநாடிகளில் அவனை வீழ்த்தினார். அந்த மாநிலத்தில் உரிமம் தேவையில்லை என்ற சட்டம் அமலுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மாலுக்குள் துப்பாக்கி கூடாது என்பது அந்த மாலின் விதி. விதியை மீறி மறைத்து வந்ததால்தான் பலர் பிழைத்தார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஜூன் 21. கொலராடோவின் அர்வாடா நகரில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றுவிட்டு மேலும் சுட வந்தவனை, அருகிலிருந்த கடையிலிருந்து வெளியே ஓடிவந்த ஒருவர் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பிறகு கீழே கிடந்த கொலைகாரனின் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் அங்கே வந்த இன்னொரு போலீஸ்காரர், கையில் நீளத் துப்பாக்கியோடு நின்றவர்தான் கொலைகாரன் என்று நினைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்.

எந்தப் பக்கத்துக்காரரும் தனக்குப் பிடித்த சம்பவத்தை எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யலாம் என்று பார்த்தால், நிறையத் துப்பாக்கி இருந்தால் குற்றம் குறையும் என்று பொருளாதார நிபுணர் ஜான் லாட் 1998-ல் புத்தகமே எழுதினார். 2004-ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, கூடும் என்றோ குறையும் என்றோ சொல்ல இருக்கும் ஆதாரம் போதாது என்றது. சண்டை இன்னும் ஓயவில்லை.

சண்டையில் அதிகம் பேசப்படாத எண் ஒன்று உண்டு. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவிகிதம் பேர் பாதுகாப்பே முக்கியக் காரணம் என்று 2023-ல் பியூ ஆய்வு மையத்திடம் சொன்னார்கள். தெருவில் வரும் அந்நியனை நினைத்து வாங்கும் பொருள், வீட்டுக்குள் மனம் உடைந்த இரவில்தான் அதிகம் பயன்படுகிறது. தெரியட்டுமா, மறையட்டுமா என்பது வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள கேள்வி. இரவில் எங்கே பூட்டி வைப்பது, சாவி யாரிடம் என்பதை விற்பனைக் கடையில் யாரும் அவ்வளவு நேரம் பேசுவதில்லை.

நம்மவர்களுக்கும் உண்டு

டல்லாஸுக்கு அருகே ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. சுடும் பயிற்சி மையத்தில் ஆசைக்கு ஒன்றை வாடகைக்கு வாங்கிச் சுட்டாலும் அது இந்தத் தடைக்குள் வரும். வார இறுதியில் நண்பர்களோடு போய்ப் படம் எடுத்துப் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, விசாவே போய்விடலாம். கிரீன் கார்டு கைக்கு வந்தால் நிலைமை வேறு. அப்போது கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசும் பட்டியலில், வீடு வாங்குவதற்கும் அப்பா அம்மாவை வரவழைப்பதற்கும் பக்கத்தில் இதுவும் வந்து சேர்கிறது.

வைத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதிலிருந்து முழு விடுதலை இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பெற்றோருக்கு ஓர் அறிவுரை தருகிறது: பிள்ளையை வேறொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், நாய் இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதுபோலவே, துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். அதை நினைவூட்ட ஜூன் 21-ம் தேதியை ஒரு நாளாகவே வைத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீடு வீடாக விளையாடப் போகும் பருவம் அது. முதல் தடவை போனில் கேட்கும்போது பலருக்கும் நாக்கு குழறுகிறது. எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் கோபித்துக்கொள்வதில்லை. இருக்கிறது, மாடி அறையில், பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது, தோட்டா தனியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று திருப்பிக் கேட்கிறார்.